இடப்பக்கத்து மீசை

அண்ணாச்சி, ஒரு நிமிடம். சாவியைத் திருகாதீர்கள். உங்களிடம் ஒரு திருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வண்டியில் ஒன்றும் போகவில்லை. ஸ்டெப்னி, பாட்டுப்பெட்டி, கண்ணாடிக்கு மேலே ஆடுகிற பிள்ளையார், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. திருட்டுப் போனது உங்கள் குரல். இன்று காலை ஆறேமுக்கால் மணிக்கு, இதே மண்டபத்து மாடியில், உங்கள் குரலை ஒருவர் எடுத்துப் புழங்கிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். உங்களுக்குத் தெரியாது. அந்நேரம் நீங்கள் பந்தியில் இரண்டாவது தடவை பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். கேசரியை ஒதுக்கிவிட்டீர்கள். சுகரா?

திருடியது நானில்லை. எந்தக் குரல் காணாமல் போனாலும் இந்த ஊரில் முதலில் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். ஆனால் இது நானில்லை. அதனால்தான் உங்களிடம் நியாயம் கேட்க வந்திருக்கிறேன்.

மணியைப் பார்க்காதீர்கள். நாலு மூன்றுதான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் சக்கரம் ஒரு உருட்டு உருண்டுவிட்டால் போதும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார்கள். உருளாவிட்டால்தான் ஆறு மணி வரை எல்லாரும் இறங்கி உட்கார வேண்டும். அதெல்லாம் நடக்காது. அதுவுமல்லாமல், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை என்னுடையது. பழம் இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் இறங்கி வைத்தால்தானே நீங்கள் ஏற்ற முடியும்? நான் உங்கள் வண்டிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆக, நம் இரண்டு பேருக்கும் அவசரமில்லை.

என் பெயர் கோமதிநாயகம். கோமு என்பார்கள். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு இருக்கிறதே, செண்பகவல்லி, அது என் அக்கா. பக்கத்தில் தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு இருப்பவர் நந்தகோபால், இன்று காலையிலிருந்து என் அத்தான். உங்களுக்குத் தெரியாததா, நீங்கள்தானே கோயம்புத்தூரிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். மெதுவாகப் பேசுகிறேன். அவளுக்குக் கேட்கக் கூடாது.

குரல் எடுப்பது எனக்குத் தொழில். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் லீவு விட்டிருக்கிறேன். இரண்டு வகுப்பு வீட்டுக்கே போய்விட்டது. கேஸ் சிலிண்டர்க்காரர், பால்காரர், கோயில் மைக்கில் ‘செருப்பை மாற்றிப் போட்டுப் போனவர் உடனே திரும்பி வரவும்’ என்று சொல்கிறவர், எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். அப்பா குரல் சுலபம். முதலில் ஒரு இருமல், அடுத்து முருகா, அடுத்து என் பெயர், அதோடு சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை. கஷ்டமானது ஆவுடையப்பன் மாமாவின் குரல். அம்மாவின் அண்ணன். பொடி போட்டுப் போட்டு அவர் குரல் தொண்டையில் கிளம்பி, மூக்கில் மாட்டி, நெற்றியில் முட்டிக்கொண்டு வெளியே வரும். அதைப் பிடிக்க எனக்கு ஒரு முழுக் கோடை லீவு ஆயிற்று.

நிச்சயம் முடிந்த வாரம் ஒரு சின்ன விளையாட்டு விளையாடினேன். மண்டபத்து மேனேஜர் குரலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டேன். ‘அம்மா, ஒங்க தேதிக்கே இன்னொரு பார்ட்டியும் அட்வான்ஸ் குடுத்திருக்காவ. ஒண்ணும் பிரச்சினை இல்ல, மேடைக்கு நடுவுல ஒரு தட்டி கெட்டிருவோம். ஆளுக்குப் பாதி. மேளம் மட்டும் ஒண்ணே வச்சுக்கிடலாம், மிச்சம்.’

நீங்களே சிரிக்கிறீர்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்களாம். பிரஷர் நூற்றெண்பது. அக்கா திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அரைமணி நேரம் போனிலேயே உட்கார்ந்து, எந்த மாத்திரை, எத்தனை, எப்படிப் படுக்க வைப்பது என்று சொல்லிச் சொல்லி எழுப்பி உட்கார வைத்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

‘கல்யாணத்தன்னைக்கி ஒரே ஒரு நாள்,’ என்றாள். ‘ஒருத்தர் கொரலும் எடுக்கக் கூடாது. ஒன் சொந்தக் கொரல்ல மட்டும் பேசணும். அவுக கால்ல தண்ணி ஊத்தி, கையைப் பிடிச்சு, “வாங்க அத்தான்”னு நீதான் மேடைக்குக் கூட்டிட்டு வரணும். அதை ஒன் கொரல்ல சொல்லு கோமு. எனக்கு அது போதும்.’

சங்கரநாராயணர் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அண்ணாச்சி, இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் பதினாறு வயது. என் குரல் எது என்று எனக்கே தெரியாது. ஒரு வருடமாக உடைந்துகொண்டே இருக்கிறது. ‘அம்மா’ என்று ஆரம்பித்தால் முதல் பாதி தவளை, பின்பாதி சைக்கிள் பிரேக். மாமா குரலில் பேசினால் உடையாது. மேனேஜர் குரலில் பேசினால் உடையாது. என் குரலில் பேசினால்தான் உடையும். நானூறு பேருக்கு முன்னால், வீடியோவும் ஓடுகிறபோது, அதை எடுத்து வெளியே வை என்கிறாள்.

சரி, மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. பெண்ணின் தம்பி கைபிடித்து அழைக்காமல் மாப்பிள்ளை மேடை ஏற மாட்டார். அது எங்கள் வழக்கம். தம்பி இல்லையென்றால் அடுத்தது பெரியப்பா மகன். சிவசைலம் என்று ஒருவன். பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டானே, பெரிய மீசை, அவன்தான். என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. ஆனால் உதட்டுக்கு மேல் ஒரு வேலியே அடைத்து வைத்திருக்கிறான். காலை ஐந்து மணியிலிருந்து சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கோமு எங்க? வரலைன்னா சொல்லுங்க, நான் ரெடி’ என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இல்லை. நேற்று வரை இருந்ததும் மீசை என்று சொல்லும்படி இல்லை. ‘போட்டோவுல அழுக்கு மாதிரி விழும்லே, மூஞ்சியைத் தேய்ச்சுக் கழுவு’ என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். சவரம் என்று ஒன்று நான் பண்ணியதே கிடையாது.

இதில் திருட்டு எங்கே வருகிறது என்று கேட்கிறீர்கள். முதலில் ஒரு கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்று சாயங்காலம் நீங்கள் வண்டியை நிறுத்தினதும் அத்தான் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மடக்குக் கத்தி, அதைத் தீட்ட ஒரு தோல்வார். பழைய காலத்துச் சவரக் கத்தி, கொம்பில் கைப்பிடி போட்டது. சிலர் பழைய வாட்ச் சேர்க்கிறார்கள், இவர் இதை வாங்கியிருக்கிறார்.

‘மாப்ள, இது அறுவது வருசத்துக் கத்திங்க. பிளேடு மாத்தற சமாச்சாரமே இல்லீங்க. நானே ஆறு மாசமாத்தான் பழகறேன். கத்தி மூஞ்சில முப்பது டிகிரில படுக்கோணும். அமுத்தக் கூடாது, அதும்பாட்டுக்குப் போகோணும். இன்னொரு கை தோலை இழுத்துப் புடிச்சிருக்கோணும். மொத வாரம் கன்னம் மட்டுந்தானுங்க.’

‘மீசைக்கு?’ என்றேன்.

‘அது மூணாவது மாசமுங்க.’

பாருங்கள், எனக்குப் போய் ‘ங்க’ போடுகிறார். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் ‘ங்க’ போட்டதில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு எரிச்சல். திட்டுவதற்கு ஒரு காரணமாவது தந்திருக்கலாம், தரவேயில்லை. அவர் குரலை எடுத்துப் பார்த்தேன். நன்றாக வந்தது. எடுத்துவிட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை.

காலை ஐந்தரைக்கு அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். ஏனா? சும்மா. ஒரு அரைமணி நேரம் தேடட்டும் என்று. மழிக்காமல் மேடைக்கு வர மாட்டார், முகூர்த்தம் கொஞ்சம் தள்ளிப் போகும், அதன்பிறகு சாப்பாடு தள்ளிப் போகும், அதன்பிறகு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகும். அவ்வளவுதான். சும்மா என்றேனே அண்ணாச்சி.

மாடியில் பாத்திர அறையைத் தாண்டிக் கடைசியில் ஒரு பாத்ரூம் இருக்கிறது. யாரும் வர மாட்டார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பெட்டியை எங்கே ஒளிப்பது என்று திரும்பினால் எதிரே கண்ணாடி. கையில் கத்தி, எதிரே கண்ணாடி, உதட்டுக்கு மேலே அழுக்கு. நீங்களாக இருந்தால் சும்மா இருப்பீர்களா?

முதலில் தோல்வாரில் தீட்ட வேண்டும். வாரைக் குழாயில் மாட்டிக்கொண்டு, ஆயுத பூஜைக்கு அரிவாள் தீட்டுவது மாதிரி ஒரே இழுப்பு இழுத்தேன். முதுகு முன்னால் போக வேண்டுமாம், கூர் பின்னால் வர வேண்டுமாம். நான் கூரை முன்னால் விட்டேன். வார் நட்டநடுவில் வாயைப் பிளந்தது. இதுவரை அத்தானுக்குத் தெரியாது. பெட்டியைத் திரும்ப அவர் அறையில் வைத்தபோது உருட்டி அடியில் வைத்துவிட்டேன். கோயம்புத்தூர் போய்த்தான் பார்ப்பார்.

கைகழுவுகிற சோப்பை நுரைத்து முகத்தில் அப்பினேன். வலக் கன்னத்தில் கத்தியைப் படுக்க வைத்தேன். முப்பது டிகிரி. இழுத்தேன். அண்ணாச்சி, அந்தச் சத்தம்! அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் காதுக்குள் கேட்டது. மழிக்க அங்கே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். சத்தம் கேட்டது. இன்னொரு இழுப்பு. ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மாசமாவது ஒன்றாவது. மூக்கின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலுதட்டில் வைத்தேன். ஒரே இழுப்பு. வலப்பக்கத்து மீசை போயே போய்விட்டது.

அடுத்தது இடப்பக்கம்.

அதை மட்டும் அத்தான் சொல்லித் தரவில்லை. வலது கையைக் குறுக்கே கொண்டுபோனால் கண்ணாடியில் முழங்கைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்தால் மூக்கு வழியில் வந்து நிற்கிறது. சரி, இடது கையில் பிடிப்போம் என்று மாற்றினேன். என் இடது கை சோப்பைக்கூடச் சரியாகப் பிடிக்காது. கத்தியைக் கண்டதும் தாளம் போட ஆரம்பித்தது. தாடையில் ஒன்று, உதட்டோரத்தில் ஒன்று. இதோ பாருங்கள், தெரிகிறதா? நுரை சிவப்பாகிவிட்டது. கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

கண்ணாடியில் பாதி நான், பாதி நேற்றைய நான். ஒரு பக்கம் வழவழவென்று பச்சைப்பிள்ளை. இன்னொரு பக்கம் மீசை. தனியாகப் பார்த்தால் அழுக்கு மாதிரிதான் இருந்தது. பாதி போன பிறகு, அண்ணாச்சி, மிச்சம் இருக்கிற பாதி என்னமாய்த் தெரிகிறது! இனி சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வெளியே போனால் நானூறு பேர். உள்ளேயே இருந்தால் சிவசைலம். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுகிற தூரத்தில், எண்ணெய் போட்ட மாதிரி வழுக்குகிறது. திறக்கத்தான் தைரியம் இல்லை. நான்கு சுவர், ஒரு பக்கெட், ஒரு கொக்கி. அதில் என் பட்டுச்சட்டை.

நாலு பன்னிரண்டா? பரவாயில்லை. முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

கதவு தட்டுகிற சத்தம். அப்பா. ‘ஏல கோமு! உள்ளதான் இருக்கியா?’

சத்தியம் என்ன, சங்கரநாராயணர் என்ன. வாய் தானாகத் திறந்துகொண்டது. ‘ஆளு இருக்கு மாப்ளே! மனுசனை ஒரு அஞ்சு நிமிசம் நிம்மதியா விட மாட்டீரா?’ ஆவுடையப்பன் மாமா, அப்படியே, பொடி நெடியோடு.

‘அய்யோ மச்சானா? இருங்க, இருங்க. அவசரமில்ல,’ என்று அப்பா போய்விட்டார். என்னைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை என்று பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா நேரே எங்கே போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு சொல்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டுகிறது. மெதுவாக.

‘ஏனுங்க, உள்ள யாருங்க?’

இந்தக் குரல்தான் அண்ணாச்சி. உங்கள் குரல். ‘நான் பஸ் டிரைவருங்க. கீழ கூட்டமா இருக்குதுங்க. நீங்க நிதானமா வாங்க, நான் இப்படி உக்காந்துக்கறேன்.’ அந்த இழுப்பு, நடுவில் அந்தச் செருமல், எல்லாமே இருந்தது. நான் குரல் தெரிந்தவன். அத்தான் குரல் வந்துவிட்டது, நேற்றிலிருந்து உங்கள் ‘ங்க’வை எடுக்க முயற்சி செய்கிறேன், அதுதான் முழுசாக வரவில்லை. ‘அண்ணாச்சி, ஒங்க தமிழ் அசலு, இதை யாரும் காப்பியடிக்க முடியாது’ என்று உள்ளேயிருந்தே ஒரு பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்தேன். மல்லிகைப்பூ வாசம் வந்தது. டிரைவர் பாவம், யாரோ பூக்கூடையைத் தூக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிலுக் கிலுக்கென்று ஏதோ சத்தம் கேட்டது. சாவிக்கொத்து என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

வெளியூர் ஆள், இனி பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தி எடுத்தது, பாதி மீசை, எல்லாவற்றையும். என் குரலில். உடைந்து உடைந்து. ‘அண்ணாச்சி, எதிர்த்த கடையில ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கிட்டு வாரியளா? இடப்பக்கம் மட்டும்தான் மிச்சம்’ என்றேன்.

‘வாங்கலாமுங்க. எதுக்குங்க தம்பி கத்தியை ஒளிச்சீங்க?’

‘சும்மா.’

‘சும்மாவுங்களா?’

நான் பேச்சை மாற்றினேன். ‘சாயங்காலம் வண்டி எத்தனை மணிக்கு அண்ணாச்சி?’

‘நாலரைக்கு ராகு காலமுங்க. அதுக்கு முன்னால எடுத்தாகோணும்.’

‘கோயம்புத்தூருக்கு எத்தனை மணி நேரம்?’

‘ஏழு மணி நேரம் ஆகுமுங்க.’

‘கிளச்சு கேபிள் அறுந்துபோச்சுன்னு சொன்னா யாரு குனிஞ்சு பாக்கப் போறா? ஒரு ராத்திரிதான். காலையில போகலாமே.’

வெளியே மறுபடி அந்தக் கிலுக் சத்தம். அடுத்து: ‘அக்காவ அனுப்ப மனசில்லீங்களா?’

‘சேச்சே. எனக்கென்ன? அவ போனா அவ ரூம் எனக்கு. ஃபேன் நல்லாச் சுத்தும்.’

இதற்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. யாரும் பேசாமலிருந்தால் எனக்குத் தாங்காது அண்ணாச்சி. எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். அதனால் சொன்னேன். ‘நான் கொரல் எடுத்தா எங்க வீட்ல அப்பா காதைப் பொத்துவாரு. அம்மா சாமி ரூமுக்குப் போயிருவா. அவ ஒருத்திதான் சிரிப்பா. வாயை மூடிக்கிட்டு மூக்கால சிரிப்பா. அந்தச் சத்தம் வாரதுக்குத்தான் நான் இத்தனை கொரலும் படிச்சேன். இனி படிச்சு என்ன செய்ய?’

அப்போது வெளியே ஒரு சத்தம் வந்தது. மூக்கால். சிரிப்பில்லை. ஆனால் அதே மூக்கு.

நான் பக்கெட்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

‘கதவைத் தெறலே,’ என்றது வெளியேயிருந்த குரல். இது உங்கள் குரலில்லை. இது என் குரல். முன்பாதி தவளை, பின்பாதி சைக்கிள் பிரேக், இம்மி பிசகவில்லை. என் குரலை நான் வெளியேயிருந்து கேட்டதே கிடையாது. இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இவ்வளவு பாவமாகவும்.

திறந்தேன். முகூர்த்தப் பட்டு, ராக்கொடி, நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல், அத்தனையும் பூட்டிக்கொண்டு அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் மை லேசாகக் கரைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூக்கால் வந்தது பாருங்கள் சிரிப்பு. நல்ல சிரிப்பு.

நடந்தது இதுதான். அப்பா நேரே மணப்பெண் அறைக்குப் போய், ‘மேல கோமு இல்ல, மச்சான்தான் உள்ள இருக்காரு’ என்றிருக்கிறார். மச்சான் அங்கேயே நாற்காலி போட்டுக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார். ‘மச்சான், நீங்க மேல இல்லையா?’ ‘நான் எதுக்குவே மேல போறேன்?’ அப்பாவுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று சொல்லி ஆளாளுக்குச் சோடா உடைத்திருக்கிறார்கள். அக்கா மட்டும், ‘பாத்ரூம் போயிட்டு வாரேன்’ என்று எழுந்து வந்துவிட்டாள்.

உங்கள் குரலை எங்கே பிடித்தாள் என்று கேட்டேன். நேற்று நீங்கள் வந்து இறங்கினதும், ‘ஏனுங்க, வண்டிய எங்கீங்க நிப்பாட்டறது?’ என்று கேட்டீர்களாம். ஜன்னலோரம் நின்றிருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். எனக்கு மாமா குரலுக்கு ஒரு கோடை லீவு ஆயிற்று. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டுகிறபோது அவள்தான் தெருவில் போகிற ஆள் எல்லாரையும் வாயில் கொண்டுவருவாள். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று யாரோ சொன்னார்கள், விட்டுவிட்டாள். நான் அதை மறந்தே போனேன். நானாகக் கண்டுபிடித்த வித்தை என்றல்லவா இருந்தேன்.

‘கத்தியைக் குடு,’ என்றாள். நீட்டியது இடது கை.

அவளுக்கு எல்லாமே இடது கைதான். சாப்பிடுவது தவிர. மேடையில் மறந்துபோய் அதை நீட்டிவிடக் கூடாது என்று அம்மா காலையிலேயே அந்தக் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, ‘தாலி ஏறுத வரைக்கும் கீழ வைக்காத’ என்று சொல்லியிருந்தாள். அக்கா அந்தப் பழத்தை என் கையில் திணித்தாள். ‘இதைப் பிடி. கண்ணாடிப் பக்கம் திரும்பு. அசைஞ்ச, மூக்கு எனக்கு, மீசை ஒனக்கு.’

‘ஒனக்கு இந்தக் கத்தி தெரியுமா?’

‘ஆபரேசனுக்கு முந்தி தெனம் பத்துப் பேருக்கு மழிச்சு விடுதேன். அதுல பாதி ஒன்னை மாதிரி ஊளையிடுதவன். பேசாத.’

என் இடத் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள், அவள் இடது கைக்கு என் இடப்பக்கம் நேராக இருந்தது. தோலை இழுத்துப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டேன். கத்தி வந்ததே தெரியவில்லை. இரண்டே இழுப்பு. அந்தச் சின்னச் சத்தம், அப்பளம் மாதிரி. கண்ணாடியில் என் முகத்தை ஒட்டி அவள் முகம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தது. மைக்கோடு மூக்கோரம் வரை ஓடியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அசைந்திருப்பேன்.

பழத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. ‘நீயே வச்சுக்கோ. கையைப் பாத்துக்கிட நான் என்ன சின்னப் பிள்ளையா?’ என்று சொல்லிவிட்டுக் கொலுசுச் சத்தம் வராமல் ஓடிவிட்டாள்.

அத்தானா? பெட்டியைக் காணாமல், யாரோ கொடுத்த பிளாஸ்டிக் ரேசரில் அவசர அவசரமாக இழுத்துத் தாடையைக் கிழித்துக்கொண்டார். அந்தப் பஞ்சு அதுதான். நான் சொம்போடு போய் நின்றேன். சிவசைலம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான். காலில் தண்ணீர் ஊற்றினேன். அத்தான் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என் தாடையைப் பார்த்தார். காதோரமாய், ‘முப்பது டிகிரி வெச்சீங்களா மாப்ள?’ என்றார்.

கையைப் பிடித்தேன். இப்போது சொல்ல வேண்டும். என் குரலில். நானூறு பேர். வாயைத் திறந்தேன். ‘வாரும் அத்தான்!’ பொடி நெடியோடு மாமா குரல்தான் வந்தது. பந்தியில் நின்ற ஆவுடையப்பன் மாமா, ‘யாரு என் கொரல்ல கூப்பிட்டா?’ என்று திரும்பிப் பார்த்தார். மண்டபமே சிரித்தது. மேடைக்குப் பின்னால் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் வெட்கம் என்று நினைத்தார்கள்.

இப்போது நியாயத்தைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. அவள் இரண்டு குரல் திருடினாள், உங்களுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. நான் எடுத்தது மாமா குரல் ஒன்றுதான், அதுவும் வாய்தவறி... அதற்கு மத்தியானத்திலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் பக்கத்தில் போனால் யாராவது நடுவில் வந்து போட்டோ எடுக்கிறார்கள். இதைத்தான் கேட்க வந்தேன். வேறொன்றுமில்லை.

நாலு இருபத்தாறா? ஆமாம், உள்ளே மாப்பிள்ளையின் அம்மா கத்துவது எனக்கும் கேட்கிறது. காலை எடுக்கிறேன். கால் மரத்துவிட்டது, அதுதான். அண்ணாச்சி, உங்களிடம் நேரிலேயே கேட்டுவிடுகிறேன், காலையில் கேட்டது உங்களிடமில்லையே. அந்தக் கிளச்சு கேபிள் விஷயம். அறுக்க வேண்டாம். நாலு நிமிடம் பேசாமல் இருந்தாலே போதும். ஆறு மணி வரைதான். ஒன்றரை மணி நேரம். நான் அவளிடம் ஒன்று—

‘வண்டி கெளம்பப் போகுதுங்க தம்பி. படியில இருந்து எறங்குங்க.’

உங்கள் குரல்தான். ஆனால் நீங்கள் வாயையே திறக்கவில்லை.

மூன்றாவது சீட்டு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறாள். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாளா என்று எனக்கு இங்கேயிருந்து தெரியவில்லை. பூ மறைக்கிறது.

சரி. இறங்குகிறேன். இதோ, முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையிலிருந்து அவள் கையிலும் என் பையிலும் இருந்து கொஞ்சம் வாடிவிட்டது, பரவாயில்லை. நேரே ஏற்றுங்கள், நசுக்காமல் போகாதீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். ஒரு வார்த்தைதான்.

‘போயிட்டு வா, அக்கா.’

உடைந்துவிட்டது. நடுவிலேயே உடைந்தது, வண்டியில் எல்லாருக்கும் கேட்டது. வாசலில் நிற்கிற அந்தப் பெரிய மீசைக்காரனுக்கும் கேட்டது, சிரிக்கிறான். சிரிக்கட்டும். அது என்னுடையதுதான்.

எடுங்கள் அண்ணாச்சி. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.